தேக்குக் கப்பலும் பேரிக்காய் மரமும்

நான் செய்துகொண்டிருந்த மாடல் கப்பலின் முன்தலையான அணியத்திலிருந்து பின்தலையான அமரம் வரை ஒரு கறுப்பு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். நூல் நேராக இருந்தது. கப்பலின் அடியில் முதுகெலும்புபோல் ஓடும் ஏரா நேராக இல்லை. நடுவில் இரண்டுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி.

நான்கு மாத வேலை அது. வலப்பக்கம் ஒன்பது பலகை ஒட்டி முடித்திருந்தேன், இடப்பக்கம் இரண்டுதான். தண்ணீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டிய பலகைகள் காயக் காயச் சுருங்கி, நடுவிலிருந்த பிளைவுட் ஏராவைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டன. வலப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது இடப்பக்கம் ஒட்ட வேண்டும் என்பது மாடல் கப்பல் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் பலகை ஒவ்வொன்றும் அவ்வளவு அழகாக உட்கார்ந்துகொண்டே போனது, கையை நிறுத்த மனம் வரவில்லை.

மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். நான் செய்வது 1:64 அளவு. உண்மைக் கப்பலில் அது 19 சென்டிமீட்டர் வளைவு. பாய்மரம் நிறுத்தும்போது மூன்று மரமும் ஒரே கோட்டில் நிற்காது. பிரித்தேன். வெள்ளைப் பசையாக இருந்ததால் வெந்நீர்த் துணி சுற்றிவைத்தால் இளகும். ஆனால் வளைந்த ஏராவைத் திரும்ப நிமிர்த்த வழியில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்தக் கப்பலை எடுத்துக்கொண்டதே அதன் மரத்துக்காகத்தான். எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. 1782-ல் திருக்கோணமலைக்கு அப்பால் நடந்த கடற்போரின் நினைவாகப் பெயர் வைத்த பிரிட்டிஷ் போர்க்கப்பல், ஃபிரிகேட் வகை. நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் கப்பலுக்கேற்ற ஓக் மரம் தட்டுப்பாடாகிவிட, 1812-ல் இதைப் பம்பாயில் தேக்கில் கட்டச் சொல்லி உத்தரவு போட்டார்கள். வரைபடங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜாவா என்ற கப்பல், அதே வருடம் டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான கான்ஸ்டிட்யூஷனிடம் தோற்று அழிந்தது. வரைபடமும் போயிற்று. இன்னொரு பிரதி அனுப்ப வேண்டியதாயிற்று. ஏரா போட்டது 1816-ல், நீரில் இறக்கியது 1817 அக்டோபர் 12. கட்டியவர் பம்பாய்க் கப்பல் தளத்தின் தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. மலபார்த் தேக்கு.

அந்தத் தேக்குதான் அதிசயம். ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் இரும்பைக் காக்கும். கப்பல் புழுவும் தேக்கை லேசில் தொடாது. டிரிங்கோமலி இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது; மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மிகப் பழையது அதுதான். அதைவிட மூத்த, ஓக்கில் கட்டிய விக்டரி என்ற போர்க்கப்பலை 1922-லேயே தண்ணீர் இல்லாத உலர்துறையில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே மாடலையும் தேக்கிலேயே செய்வது என்று உறுதியாக இருந்தேன். உள்ளே எல்லோரும் போடுவதுபோல பிளைவுட், வெளியே தேக்குத் தோல். இதுதான் என் முதல் திட்டம். முடிந்தபோது இது அப்படியே தலைகீழாகியிருந்தது.

அளவு பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது லீடா வகுப்புக் கப்பல். 1782-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஹெபே என்ற கப்பலின் உடல் வடிவத்தை ஒட்டி வரைந்தது. பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 150 அடி, அகலம் 40 அடி. 1:64-ல் உடல் மட்டும் 71 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் 19 சென்டிமீட்டர். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாய்மரத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். 1:96-ல் செய்திருந்தால் அலமாரியில் அடங்கியிருக்கும். ஆனால் அந்த அளவில் கயிறுகளைக் கயிறாகச் செய்ய முடியாது, நூலாகத்தான் செய்ய முடியும். எனக்குக் கயிறு வேண்டும்.

இரண்டாவது ஏராவுக்குப் பழைய மேசையொன்றின் குறுக்குச் சட்டத்தை எடுத்தேன். பல பத்து வருடம் காய்ந்த தேக்கு. ரேகைகள் மேல்பக்கத்துக்குச் செங்குத்தாக ஓடும்படி அறுத்து, இழைத்து, 6 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்தேன். தேக்கு ஈரத்துக்கும் வெயிலுக்கும் மிகக் குறைவாகவே அசையும். ஒரு வாரம் மேசைமேல் சும்மா கிடத்திவிட்டு நூல் பிடித்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. அதில் 22 இடத்தில் காடி வெட்டி, கப்பலின் விலா எலும்புகளான வங்குகளுக்குப் பதிலான குறுக்குத் தட்டுகளை 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அறுத்துச் செருகினேன். தேக்கில் சிலிக்கா இருப்பதால் ரம்பம் சீக்கிரம் மழுங்கும். அந்த ஒரு ஏராவுக்கு மெல்லிய ரம்பத் தகடு ஐந்து போயிற்று.

பம்பாயில் ஏரா போட்ட நாளில் வாடியா பார்சி வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணியை அடித்தார். கப்பல் நலமாக இருக்க அது அவசியம் என்பது அவர்கள் நம்பிக்கை. நானும் என் ஏராவின் அடிப்பக்கம் அரை மில்லிமீட்டர்த் துளை போட்டு, வெள்ளிக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி இறக்கி, தலையை லேசாகத் தட்டித் தட்டையாக்கினேன். வேலை இரண்டு நிமிடம். அன்றைக்கு வேறு எதுவும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டுகள் நின்றபின் ஓரங்களைச் சரிவாகத் தேய்க்கும் வேலை. மெல்லிய வளையும் குச்சியொன்றை அணியத்திலிருந்து அமரம் வரை தட்டுகளின் மேல் படியவைத்துப் பார்க்க வேண்டும். எங்கே குச்சி மேடேறுகிறதோ அங்கே அரத்தால் தேய்ப்பது, எங்கே தொடாமல் நிற்கிறதோ அங்கே சீவல் ஒட்டி உயர்த்துவது. கண்ணை நம்பக்கூடாது, குச்சியைத்தான் நம்ப வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னால் பலகையில் மேடும் பள்ளமும் தெரியும், அதை எந்த உப்புத்தாளும் மறைக்காது.

முதல் பலகை அடுக்கு லைம் மரம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம், 5 மில்லிமீட்டர் அகலம். இம்முறை வலம் இடம், வலம் இடம் என்று தாளிலேயே குறித்துக்கொண்டு ஒட்டினேன். நடுக்கப்பலில் பக்கத்துச் சுற்று 140 மில்லிமீட்டர், 28 பலகை. அணியத்தில் அதே 28 பலகைக்கும் 90 மில்லிமீட்டர்தான் இடம், ஒவ்வொன்றும் 3.2 மில்லிமீட்டராக ஒடுங்க வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே போகாதவரை ஒடுக்கலாம். அமரத்தில் நேர்மாறு: அங்கே இடம் அதிகம், பலகை போதாது, நடுவே ஆப்புப் போன்ற பலகைகள் செருக வேண்டும். இதை ஒவ்வொரு தட்டிலும் காகிதப் பட்டை சுற்றி அளந்து, பங்கு பிரித்துக் குறித்தபிறகே ஒட்ட ஆரம்பிக்க வேண்டும். போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பத்தாவது பலகை அணியத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது அடுக்குதான் கண்ணுக்குத் தெரியும் தோல். அதற்காகத் தேக்கை அரை மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்து வைத்திருந்தேன். முதலில் பசை பிடிக்கவில்லை. வெள்ளைப் பசையில் ஒட்டிய 12 பலகையில் நான்கு ஒரு வாரத்தில் ஓரம் தூக்கிக்கொண்டன. தேக்கின் எண்ணெய்தான் காரணம். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் துடைத்தால் மேலே உள்ள எண்ணெய் போகும். அப்படிச் செய்தபின் பிடித்தது. சரி, வழி கிடைத்தது என்று நினைத்தேன்.

பிறகு அந்த 12 பலகையையும் தேய்த்து, எண்ணெய் ஒரு கோட் பூசி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். மனசு விட்டுப்போயிற்று. தேக்கின் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். மேசையிலோ கதவிலோ அவை அழகு. அந்தத் துளை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அகலம். அதை 64-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 16 மில்லிமீட்டர். கப்பலின் பக்கமெங்கும் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டதுபோல் இருந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இணைப்பைவிட மரத்தின் துளை பெரிதாகத் தெரிந்தது. பக்கத்தில் 26 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மாலுமி உருவத்தை நிறுத்தியதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அது கப்பல் பலகையாகத் தெரியவில்லை, மேசைப் பலகையில் ஒரு துண்டாகத்தான் தெரிந்தது.

துளையை அடைத்துப் பார்த்தேன். அடைத்தால் மரம் செத்துப் பிளாஸ்டிக் போல் ஆகிறது. வண்ணம் அடித்தாலும் துளைகள் வண்ணத்தின் வழியே எட்டிப் பார்க்கின்றன. கப்பலைச் சிறிதாக்கலாம், வடிவத்தைச் சிறிதாக்கலாம், கயிற்றைச் சிறிதாக்கலாம். மரத்தின் ரேகையைச் சிறிதாக்க முடியாது. ஆகவே, ஒரு மரத்தை மாடலில் காட்ட வேண்டுமென்றால் அந்த மரத்தையே போடுவது பெரும்பாலும் தவறான வழி. இதைப் பல வருடம் இந்த வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் கண்ணால் பார்க்கும்வரை ஒப்புக்கொள்ளவில்லை.

பேரிக்காய் மரத்துக்கு மாறினேன். துளைகள் கண்ணுக்கே தெரியாத அளவு நுணுக்கமானவை, ரேகை அடங்கி இருக்கும், கத்தி எந்தப் பக்கம் போனாலும் பிளக்காது. நீராவியில் பதப்படுத்திய பேரிக்காய் மரம் இளஞ்சிவப்புக் கலந்த பழுப்பு நிறம். மெல்லிய எண்ணெய் ஒரு கோட் விட்டதும் அது கொஞ்சம் பொன்னிறமாக இறங்குகிறது. தள்ளி நின்று பார்த்தால் எண்ணெய் தடவிய புதுத் தேக்கு என்றே தோன்றும். வண்ணம் அடிக்கவில்லை. பலகைகளின் இணைப்பு தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

தளத்துக்கு வெளிர் மேப்பிள். பலகை 4 மில்லிமீட்டர் அகலம், உண்மையில் 25 சென்டிமீட்டர் கணக்கு. நடுவே கலப்பத்துக் கோடு, அதாவது பலகை இடுக்கில் நாரும் தாரும் அடைத்த கோடு, காட்ட வேண்டும். பலர் கறுப்புக் காகிதம் செருகுகிறார்கள். நான் ஒவ்வொரு பலகையின் ஒரு ஓரத்தில் மட்டும் மென்மையான பென்சிலால் தேய்த்து ஒட்டினேன். கோடு மெல்லியதாக, உயிரோடு இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒட்டியபின் உப்புத்தாள் போடாதீர்கள், பென்சில் கரி தளம் முழுக்கப் பரவி அழுக்காகும். கூர்மையான கத்தித் தகட்டைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினால் சுத்தமாக வரும்.

அமரத்தில் ஒரு பெரிய பிழை செய்து திருத்தினேன். இன்று ஹார்ட்டில்பூலில் நிற்கும் கப்பலின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு பின்பக்க ஜன்னல் வரிசையை வளைவாகச் செய்ய ஆரம்பித்திருந்தேன். வரைபடத்தோடு ஒட்டவே இல்லை. மூன்று நாள் வரைபடத்தைச் சந்தேகித்தேன். கடைசியில் கப்பலின் வரலாற்றைத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. 1819-ல் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்த இந்தக் கப்பல் 1845 வரை சும்மா நிறுத்திவைக்கப்பட்டிருந்தது; 1845-ல் பீரங்கிகளைக் குறைத்து, பின்பக்கத்தையும் மாற்றிக் கட்டினார்கள். நான் பார்த்த வளைவு அந்த மாற்றத்தில் வந்தது. என் கப்பல் 1817-ல் பம்பாயில் இறங்கியது, அதற்குத் தட்டையான பழைய அமரம்தான் சரி. செய்ததைக் கழற்றிவிட்டுத் தட்டையாகச் செய்தேன். பழைய கப்பலை மாடல் செய்கிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த வருடத்துக் கப்பல் என்பதை.

பீரங்கியை வெளியே நீட்டும் திறப்புகளான பீரங்கி வாய்கள் பக்கத்துக்கு 14. உள்ளே பதினெட்டு பவுண்டு குண்டு எறியும் பீரங்கிகள் 28. வாய்களின் அடிக்கோடு தண்ணீர் மட்டத்துக்கு இணையாக ஓடாது, தளத்தின் வளைவோடு ஓடும் என்பதை மட்டும் கவனித்தால் போதும். நான் அதில் தவறவில்லை. ஆனால் பாய்மரப் பக்கக் கயிறுகளை உடலோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகளின் இடத்தை முன்கூட்டியே குறிக்க மறந்து, இரண்டு பட்டை பீரங்கி வாய்க்கு நேராக வந்து நின்றன. நகர்த்த முடிந்தது.

இனி செப்பு. கப்பல்களின் அடியை அக்காலத்தில் செப்புத் தகடால் மூடுவார்கள், புழுவும் பாசியும் ஒட்டாமலிருக்க. தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 1:64-ல் 19 மில்லிமீட்டருக்கு ஐந்தரை மில்லிமீட்டர். ஒட்டும் பசையுள்ள செப்பு நாடாவை இந்த அளவுக்கு வெட்டி, அமரத்திலிருந்து ஆரம்பித்து முன்னோக்கி ஒட்டிக்கொண்டு வந்தேன், முன் தகட்டின் விளிம்பு பின் தகட்டின் மேல் படியும்படி. அப்போதுதான் ஓடும் தண்ணீர் விளிம்பைத் தூக்காது. இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். பல்சக்கரம் உருட்டி ஆணித்தலை புடைக்கச் செய்வது பலரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உண்மையில் ஆணித்தலை தகட்டோடு தட்டையாக இறங்கியிருக்கும். இந்த அளவில் அது மிகச் சிறிய புள்ளி. புடைத்துக்கொண்டிருந்தால் கொப்பரையில் தறைந்த ஆணிபோல் தெரியும். நான் உள்நோக்கி மிக லேசாக அழுத்தினேன், விளக்கைச் சாய்த்தால்தான் தெரியும்.

வலப்பக்கம் முடித்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தகடுகளின் மேல் விரல்ரேகைகள் பழுப்பாகப் பூத்திருந்தன. வெறுங்கையால் தொட்டதன் விளைவு. கையிலுள்ள உப்பும் எண்ணெயும் செப்பைக் கறுக்க வைக்கின்றன. எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் ஒற்றி, உடனே ஈரத்துணியால் துடைத்தேன். இடப்பக்கம் முழுவதும் பருத்திக் கையுறை போட்டு ஒட்டினேன். இப்போது இரண்டு பக்கமும் தானாகவே ஒரே சீராக மங்கி வருகின்றன, அது மிக அழகாக இருக்கிறது. ஏராவின் அடியில் கடைசித் தகடு வெள்ளி ஆணியை மூடியது. தேக்கு, வெள்ளி இரண்டும் இப்போது யார் கண்ணுக்கும் தெரியாது. அந்தத் தேக்குதான் கப்பலை நேராகப் பிடித்து வைத்திருக்கிறது. போன வாரமும் நூல் கட்டிப் பார்த்தேன்.

கயிற்றில்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி. முதலில் ஒரு தவறு: பழைய அட்டவணைகளில் பத்து அங்குலக் கயிறு என்று போட்டிருந்ததை விட்டமாக எடுத்துக்கொண்டு முறுக்கினேன். நான்கு மில்லிமீட்டரில் வந்து நின்றது, பாய்மரத்தோடு போட்டிபோடும் கனம். கப்பல் கயிற்றின் அளவு எப்போதும் சுற்றளவு. 3.14-ஆல் வகுத்தால் விட்டம் எட்டு சென்டிமீட்டர், மாடலில் 1.26 மில்லிமீட்டர். அது சரியாக இருந்தது.

அடுத்தது புரி. பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் கயிறுகள் வலம்புரியாக முறுக்கியவை. தையல் நூல் பெரும்பாலும் ஏற்கெனவே வலம்புரியாக வருகிறது. அதில் மூன்றை நேராக முறுக்கினால் கயிறு இடம்புரியாகத்தான் அமையும். வலுக்கட்டாயமாக வலப்பக்கம் முறுக்கினால் விட்டதும் பிரிந்துகொள்ளும். அதனால் முதலில் இரண்டு நூலைச் சேர்த்து இடப்பக்கம் முறுக்கி ஒரு புரி செய்து, அப்படி மூன்று புரியை வலப்பக்கம் முறுக்கினேன். பழைய கயிற்றுச் சாலைகளிலும் நார், புரி, கயிறு என்று முறுக்கு ஒவ்வொரு படியிலும் மாறி மாறிப் போகும். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடிப்பது அதனால்தான். முறுக்கி முடித்து இழுத்துக் கட்டி ஒரு இரவு விட்டபின் அறுத்தால் முனை பிரிவதில்லை. உருப்பெருக்கியில் பார்த்தபோது மூன்று புரியும் சாய்ந்து சாய்ந்து ஓடிய அந்த ஒழுங்கு, மூன்று வருட வேலையில் நான் செய்த சிறந்த ஒன்று என்று சொல்வேன். பாய்மரத்தை அசையாமல் பிடிக்கும் நிலைக் கயிறுகளுக்குத் தார் பூசிய கரும்பழுப்பு, பாயையும் அதைத் தாங்கும் குறுக்கு மரமான பருமலையும் இழுக்கும் ஓடு கயிறுகளுக்கு வெளிர் நிறம்.

இப்போது மாலுமிகள் மேலே ஏறக் கட்டும் ஏணிக்கயிறுகளில் இருக்கிறேன். பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே 13 அங்குலத்துக்கு ஒன்று, மாடலில் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பின்னால் கோடு போட்ட அட்டை வைத்துக்கொண்டு கட்டுகிறேன். முடிச்சை இறுக்கி இழுத்தால் பக்கக் கயிறுகள் உள்ளே ஒடுங்கி உடுக்கைபோல் இடுப்புச் சிறுத்துவிடும். அதைத் தடுக்க இரண்டு மெல்லிய குச்சிகளைக் குறுக்கே தற்காலிகமாகக் கட்டியிருக்கிறேன். முடிச்சைப் போட்டு, லேசாக ஒட்டும்வரை மட்டும் இழுத்து, ஒரு சொட்டு நீர்த்த பசை. மையப் பாய்மரத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் முந்நூறு முடிச்சுக்கு மேல். ஒரு நாளைக்கு நான்கு வரிசைக்கு மேல் போட்டால் கை தளர்ந்து, ஐந்தாவது வரிசை கோணிக்கொள்கிறது. முன் பாய்மரம் இரண்டு பக்கமும் முடிந்தது, மையப் பாய்மரம் வலப்பக்கம் முடிந்தது. அந்த இடப்பக்கத்தில் நேற்று பதினேழாவது வரிசை கட்டினேன்.